தாயோடு வரும் குழந்தை

பெண்களுக்கான கைவினைப் பயிலரங்கு ஒன்று நடைபெறும் என்று அறிவிக்கப்படுகிறது. சமூக மண்டபத்திலோ, கோயில் மண்டபத்திலோ, விடுமுறை நாளில் தமிழ்ப்பள்ளியின் வகுப்பறை ஒன்றிலோ அது நடக்கும். நாற்காலிகள் எண்ணிப் போடப்படுகின்றன. துணியும் நூலும் சாயமும் ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்து வைக்கப்படுகின்றன. குறித்த நேரத்தில் பெண்கள் வருகின்றனர். அவர்களுள் சிலர் தனியே வருவதில்லை. ஒருத்தியின் இடுப்பில் ஒரு குழந்தை. இன்னொருத்தியின் முந்தானையைப் பற்றியவாறு மற்றொன்று. இக்குழந்தைகளுக்கென்று எவரும் நாற்காலி போடவில்லை, பங்கும் பிரிக்கவில்லை.

இது நாள்தோறும் காணக்கூடிய எளிய நிகழ்ச்சிதான். ஆயினும் இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. பலரும் கூடிக் கற்கும் இடத்திற்குக் குழந்தையை அழைத்து வருதல் முறையாகுமா? "கற்க வந்தவர் கற்க வேண்டும், குழந்தையை வீட்டில் விட்டு வருவதே ஒழுங்கு" என்பர் சிலர். "குழந்தை இருக்குமிடமே தாயின் இடம், அதனை விலக்குதல் இரக்கமற்ற செயல்" என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டும் ஒரு செய்தியைக் கேட்க மறந்துவிடுகின்றன. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கடமை யாரைச் சார்ந்தது என்பதே அச்செய்தி.

வர இயலாதவர்

குழந்தையை விட்டு வருக என்று சொல்பவர், விட்டு வருவதற்கு ஓர் இடம் உண்டு என்று எண்ணிக்கொள்கிறார். பாட்டியும் அத்தையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தில் அவ்வெண்ணம் பொருந்தியது. தோட்ட வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக் கதவும் தன் வீட்டுக் கதவு போலவே திறந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புறங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்த பிறகு அந்நிலை மாறியது. மாமியார் ஓர் ஊரில், தாய் வேறோர் ஊரில், கணவர் சனிக்கிழமையும் வேலையில். இத்தகைய குடும்பத்தில் மூன்று வயதுக் குழந்தையை யாரிடம் விடுவது?

ஆகவே, "குழந்தையை அழைத்து வராதீர்" என்னும் அறிவிப்பு, அத்தாயின் செவியில் "நீ வராதே" என்றே விழுகிறது. அவள் மறுத்துப் பேசுவதில்லை. வராமல் இருந்துவிடுகிறாள். வராதவளின் குறை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நிகழ்ச்சி இடையூறின்றி இனிது முடிந்தது என்று அறிக்கை எழுதப்படுகிறது.

அவள் இழப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. தையலும், பின்னலும், துணிக்கு வண்ணம் தீட்டுதலும் வீட்டிலிருந்தபடியே நாலு காசு ஈட்ட உதவும் தொழில்கள். வெளியே சென்று வேலை பார்க்க இயலாத இளந்தாய்க்குத்தான் இத்தொழில்கள் மிகவும் தேவை. இவற்றைக் கற்கும் இடத்திலிருந்து விலக நேர்பவளும் அவளே. மருந்து யாருக்குத் தேவையோ அவரால் மட்டும் ஏற முடியாத மாடியில் மருத்துவமனை இருப்பது போன்றது இது.

வீடும் பட்டறையும்

குழந்தை இருந்தால் வேலை கெடும் என்ற எண்ணம் எல்லாக் காலத்திற்கும் உரியதன்று. கைத்தொழிலின் நெடிய வரலாற்றில் வீடே பட்டறையாக இருந்தது. நெசவாளர் வீட்டில் தறிக்குழியின் அருகே தொட்டில் ஆடியது. குயவர் வீட்டு முற்றத்தில் பிசைந்த மண்ணில் ஒரு பிடி குழந்தையின் கைக்கும் கிடைத்தது. மலாய்க் கிராமங்களில் பெண்கள் மெங்குவாங் ஓலையால் பாய் முடைந்தனர். தாழை இனத்தைச் சேர்ந்த அவ்வோலையின் முள்ளைச் சீவி நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, சாயத்தில் வேகவைத்த பிறகே முடைதல் தொடங்கும். ஒரு பாய்க்குப் பல நாள் உழைப்பு வேண்டும். அத்தனை நாளும் குழந்தையை வேறிடத்தில் விட்டுவிட்டு எந்தத் தாயும் முடைந்திருக்க இயலாது. முடைந்து முடியாத பாயின் மீதே குழந்தை உறங்கியது. விழித்தபோது ஓலைத்துண்டை எடுத்து மடக்கிப் பார்த்தது. தாய் கற்பித்ததாக நினைக்கவில்லை. குழந்தையும் கற்றதாக நினைக்கவில்லை. தொழில் மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சென்றுகொண்டிருந்தது.

வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் பிரிந்தபோதுதான் குழந்தை இடையூறு ஆயிற்று. ஆலையும் தோட்டமும் அப்பிரிவைக் கொண்டுவந்தன. பிரிந்த இடத்தில் தோன்றிய வெறுமையை நிரப்ப அக்காலத்திலேயே சிலர் முயன்றனர். ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் என்னும் ஆலையூரில் ராபர்ட் ஓவன் 1816ஆம் ஆண்டில் தொழிலாளர் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். நடை பழகிய சிறு குழந்தைகளுக்கும் அங்கு இடமிருந்தது. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907ஆம் ஆண்டில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லமும் பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த குழந்தைகளுக்காகவே எழுந்தது. தில்லியில் கட்டட வேலை நடைபெற்ற இடத்திலேயே 1969ஆம் ஆண்டில் மீரா மகாதேவன் குழந்தைக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார். செங்கல் குவியலிடையே கிடந்த குழந்தைகளைக் கண்டதன் விளைவு அது. இம்மூன்று முயற்சிகளும் வெவ்வேறு நாட்டிற்கும் காலத்திற்கும் உரியவை. ஆயினும், தாயின் உழைப்பு வேண்டுமென்று கேட்கும் சமுதாயம் அவளுடைய குழந்தைக்கும் விடைசொல்லக் கடமைப்பட்டது என்னும் எண்ணம் மூன்றிலும் ஒன்றே.

மலாயாத் தமிழர் இவ்வுண்மையை நூல்களில் படித்து அறிய வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தாய், உறக்கம் கலையாத குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டாள். வெயில் ஏறுமுன் மரம் சீவினால்தான் பால் நன்றாக வடியும். குழந்தை எழுந்து அழுது ஓயும்வரை மரம் காத்திருக்காது. அந்தக் கொட்டகையில் வசதி குறைவு, தொட்டில்கள் நெருக்கம், ஆயாவின் கைகளோ இரண்டே. ஆயினும், தாய் வேலைக்கு வர வேண்டுமாயின் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை அக்கொட்டகை ஒப்புக்கொண்டது. பின்னர், 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு பற்றிய சட்டமும் வீட்டு வசதியோடு குழந்தைக் காப்பகத்தையும் சேர்த்தே பேசியது. இலாபம் கருதி நடந்த தோட்டமே ஒப்புக்கொண்ட ஒன்றை, நற்பணி கருதி நடக்கும் பயிலரங்கு மறுக்கலாமா?

நினைவின் மறுபக்கம்

பழைய காலத்தைப் போற்றும்போது அதன் மறுபக்கத்தையும் காணுதல் நேர்மை. தாயோடு வேலையிடத்திற்கு வந்த குழந்தை எப்போதும் விளையாடிக்கொண்டே இருந்ததில்லை. தோட்டத்தில் சற்று வளர்ந்த பிள்ளைகள் மங்கு துடைத்தனர், கட்டிப்பால் பொறுக்கினர், வாளி சுமந்தனர். முதலில் அது தாய்க்குச் செய்த சிறு உதவியாக இருந்தது. நாளடைவில் குடும்பத்தின் வருவாய்க்கு இன்றியமையாத உழைப்பாயிற்று. அதன் விலையைச் செலுத்தியது பிள்ளையின் பள்ளிப்படிப்பு. இளம் வயதினரை வேலைக்கு அமர்த்துவதைக் கட்டுப்படுத்த 1966ஆம் ஆண்டில் மலேசியாவில் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

கல்விக் கொள்கையிலும் இந்த ஐயம் எழுந்ததுண்டு. 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வித் திட்டத்தை முன்வைத்தார். கையால் செய்து கற்றல் என்னும் அதன் அடிப்படையைப் பலர் வரவேற்றனர். ஆனால், பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளியின் செலவை ஈடுசெய்யலாம் என்னும் பகுதி கடும் மறுப்புக்கு உள்ளாயிற்று. பள்ளி தொழிற்கூடமாகிவிடும் என்று மறுத்தோர் அஞ்சினர். அவ்வச்சத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. குழந்தையின் கை எதைச் செய்கிறது என்பது போலவே, யாருக்காகச் செய்கிறது என்பதும் கேட்கத் தக்க கேள்வியே.

இன்றைய பயிலரங்கிலும் இது வேறு உருவில் நிகழ்கிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பத்து வயது மகளையும் தாய் உடன் அழைத்து வருகிறாள். தாய் கற்கிறாள், தம்பி விளையாடுகிறான், அக்காள் மட்டும் கற்கவும் இல்லை, விளையாடவும் இல்லை. அவளது விடுமுறை நாள் தம்பியின் பின்னால் ஓடியே கழிகிறது. தாயின் தோளிலிருந்து இறங்கிய சுமை மறையவில்லை; இன்னும் சிறிய தோளுக்கு மாறியிருக்கிறது. அச்சிறுமியைப் பார்த்து, "எவ்வளவு பொறுப்பான பெண்!" என்று பெரியோர் பாராட்டுகின்றனர். அப்பாராட்டே அவளைக் கட்டிப்போடுகிறது. குழந்தைகளை வரவேற்கிறோம் என்று மகிழும் மண்டபத்தினர் முதலில் இவளைக் கவனித்தல் வேண்டும்.

கூழும் மெழுகும்

தமிழ் இலக்கியம் குழந்தையின் குறும்பை ஒருபோதும் குற்றமாகக் கருதியதில்லை. மக்கட்பேற்றைப் பாடிய வள்ளுவர் பிள்ளையின் கை பட்ட கூழின் சுவையை உயர்த்திப் பேசினார். பாண்டியன் அறிவுடை நம்பி, உணவின் நடுவே வந்து சோற்றைச் சிந்திக் குழப்பும் குழந்தை இல்லாதவர் வாழ்வு பயனற்றது என்னும் கருத்தைப் புறநானூற்றில் பாடினான். செல்வம் நிறைந்த மன்னனே அவ்வாறு பாடியிருக்க, ஒரு சாயக் கிண்ணம் கவிழ்ந்ததற்காக முகம் சுளிப்பது தகுமா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், கூழுக்குப் பொருந்துவது மெழுகுக்குப் பொருந்துமா? பத்தேக் கலையை எடுத்துக்கொள்வோம். மெழுகும் பிசினும் கலந்து அடுப்பில் உருக்கப்படுகின்றன. சந்திங் என்னும் செம்புமுனைக் கருவியில் அதனை மொண்டு துணியின் மீது கோடு வரைவர். கோடு குளிர்ந்து இறுகிய பின் அதனுள் வண்ணம் தீட்டுவர். வண்ணம் நிலைக்கச் சோடியம் சிலிக்கேட் என்னும் காரக் கரைசலைப் பூசி ஊறவிடுவர். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகை அகற்றுவர். உருகிய மெழுகு சிறு கையில் பட்டால் தோல் வெந்துபோகும். சாயப்பொடி காற்றில் பறந்தால் மூச்சோடு உள்ளே செல்லும். காரக் கரைசல் கண்ணில் பட்டால் பெருந்துன்பம். இங்கே "குழந்தைதானே" என்று சிரித்துவிட்டுப் போவது அன்பு ஆகாது.

மற்றவர் உரிமையையும் புறக்கணித்தல் கூடாது. கட்டணம் செலுத்தி, பேருந்து ஏறி, ஒரு நாளை ஒதுக்கி வந்த பெண்களும் அங்கே உள்ளனர். தன் குழந்தையை அரைமனத்தோடு பிறரிடம் விட்டு வந்தவளும் அவர்களுள் இருப்பாள். ஆசிரியர் நுட்பமான ஒரு முடிச்சை விளக்கும் நேரத்தில் எழும் அழுகுரல் அவர்களுடைய கற்றலைக் குலைக்கிறது. அதற்காக அவர்கள் வருந்துவதைக் கல்நெஞ்சம் என்று பழித்தல் நீதியன்று.

குழந்தையின் பக்கமும் ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் "தொடாதே, ஓடாதே, பேசாதே" என்று கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருப்பது குழந்தைக்கு இன்பமா? தாய்க்குத் துணையாக வந்ததாலேயே அது தனக்குரிய ஓட்டத்தையும் ஆட்டத்தையும் இழக்கலாமா? அழைத்து வருவதோடு அன்பின் கடமை முடிந்துவிடுவதில்லை.

கற்கும் தாய்

இத்தனை தடைகளையும் எண்ணிய பிறகும், தாயோடு வந்த குழந்தை பெறும் ஒரு செல்வத்தை மறுக்க முடியாது. வீட்டில் குழந்தை காணும் தாய் எல்லாம் அறிந்தவள், திருத்துபவள், ஆணையிடுபவள். பயிலரங்கில் அது காணும் தாய் வேறொருத்தி. அவளுக்குத் தெரியவில்லை, கேட்கிறாள். அவள் பின்னியது கோணலாகிறது, ஆசிரியர் சுட்டிக்காட்டுகிறார். அவள் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, பின்னியதைப் பிரித்து மீண்டும் தொடங்குகிறாள். தவறு செய்தல் இழிவன்று, பிரித்துப் பின்னுதல் தோல்வியன்று என்பதை எந்தப் பாடநூலும் அவ்வளவு தெளிவாக உணர்த்தாது. தவறிய எழுத்தை அழிக்கவே கூசி, ஏட்டையே கிழித்துவிடும் மாணவனை வகுப்பறையில் கண்ட ஆசிரியர்கள் இதன் அருமையை நன்கு உணர்வர்.

கைவினையின் எதிர்காலமும் இதனோடு பிணைந்துள்ளது. 2021ஆம் ஆண்டில் மலேசியாவின் சொங்கெட் நெசவு, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பெருமைக்குரிய செய்தியே. ஆயினும், பட்டியல் ஒரு கலையைப் போற்றுமேயன்றி ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு அதனைக் கொண்டு செல்லாது. தென்னங்குருத்தில் தோரணம் பின்னும் தாயின் அருகே அமர்ந்து ஓலையில் ஒரு குருவியை மடிக்கும் குழந்தையே அதனைக் கொண்டு செல்லும்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். குழந்தைக்கு நன்மை என்பதனால் மட்டுமே தாயை உள்ளே அனுமதிப்பது சரியாகுமா? அவ்வாறாயின் தாய் அங்கும் குழந்தையின் கருவியாகவே நிற்கிறாள். அவள் தனக்காகவும் வந்தவள். தன் கைக்கு ஒரு தொழில், தன் மனத்திற்கு ஓர் அமைதி, தன்னை இன்னாரின் தாய் என்று மட்டுமன்றிப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு கூட்டம் ஆகியவற்றை நாடி வந்தவள். அந்த நாட்டத்திற்கு வேறெந்தச் சான்றும் தேவையில்லை. கண் ஒன்று குழந்தையின் மீதும் மற்றொன்று ஊசியின் மீதுமாக அமர்ந்திருப்பவள் கற்பதோ பாதிதான். மண்டபத்தின் கதவு அவளுக்குத் திறந்திருந்தது. கல்வியின் கதவு பாதியே திறந்தது.

பொறுப்பு யாருடையது?

அப்பாதியை மீட்டுத் தருவது பலர் கூடிச் செய்ய வேண்டிய பணி.

முதல் கடமை தந்தையுடையது. தாய் குழந்தையோடு வரலாமா என்று கேட்கும் உலகம், தந்தை குழந்தையோடு வீட்டில் இருக்கலாமே என்று கேட்பது அரிது. குடும்பப் பொறுப்புடைய தொழிலாளர் பற்றி 1981ஆம் ஆண்டில் உருவான அனைத்துலக உடன்படிக்கை ஆண், பெண் இருபாலரையும் சேர்த்தே பேசியது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு முதல் தனியார் துறையில் தந்தைக்கும் ஏழு நாள் மகப்பேற்று விடுப்பு சட்டமாயிற்று. ஏழு நாள் சிறிதே. எனினும், குழந்தை இருவருக்கும் உரியது என்பதைச் சட்டம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. சனிக்கிழமை காலையில் ஓய்வாக இருக்கும் தந்தை, மனைவி பயிலரங்கிற்குச் செல்வதைத் தான் அளித்த சலுகையாக எண்ணாமல், தன் பங்கை ஆற்றும் வாய்ப்பாகக் கொள்ளுதல் வேண்டும்.

தந்தை இல்லாத வீடுகளும், தந்தைக்கு அன்று வேலையுள்ள வீடுகளும் உள்ளன. ஆதலால் அடுத்த கடமை ஏற்பாட்டாளருடையது. குழந்தைகள் வரலாமா, எந்த வயதினர் வரலாம் என்பதை அறிவிப்பிலேயே ஒளிவின்றிச் சொல்லுதல் வேண்டும். வாசலில் நிற்கும்போது தாயை நாணச் செய்தல் கூடாது. மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பாய் விரித்து, தீங்கற்ற ஓலையும் தாளும் வண்ணக்கோலும் வைத்து, அங்கே ஒருவரை அமர்த்துதல் வேண்டும். அவர் பயில வந்தவராகவோ, முன்னர்க் கண்ட பத்து வயதுச் சிறுமியாகவோ இருத்தல் கூடாது. அதற்கென்றே பொறுப்பேற்ற பெரியவராக இருத்தல் வேண்டும். பிறர் குழந்தையைக் காத்தல் விளையாட்டன்று. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ கட்டணம் பெற்றுக் கவனிக்கும் இடத்தை 1984ஆம் ஆண்டுச் சட்டம் காப்பகமாகக் கருதி விதிகளுக்கு உட்படுத்தியது. ஆகவே, ஏற்பாட்டாளர் தம்மால் இயன்ற அளவை அறிந்து, அவ்வளவே ஏற்றல் நலம். ஐந்து குழந்தைகளுக்கு இடம் என்றால் ஐந்து என்றே சொல்லலாம்.

ஆசிரியரின் கடமை நுட்பமானது. பத்தேப் பயிற்சியில் மெழுகு வேலை குழந்தைக்குத் தீங்கானது. வண்ணம் தீட்டுதல் பெரும்பாலும் தீங்கற்றது. ஆகவே மெழுகுக் கோடு முன்னரே வரைந்த துணியைத் தாயர்க்குக் கொடுத்து வண்ணம் மட்டும் தீட்டச் செய்யலாம் என்று தோன்றும். குழந்தைக்கும் ஒரு சிறு சட்டத்தைக் கொடுக்கலாம். காண்பதற்கு அழகான ஏற்பாடுதான். ஆனால், கோடு வரையக் கல்லாதவள் அக்கலையைக் கற்றவளாக மாட்டாள். பிறர் வரைந்ததற்கு வண்ணம் பூசும் கையாகவே நின்றுவிடுவாள். தாயர்க்காகக் கலையைக் குறைத்துத் தருவது இரக்கம் போலத் தோன்றும் ஓர் அநீதி. மெழுகு வேலை நடைபெறும் ஒரு மணி நேரம் குழந்தைகள் வேறிடத்தில் காக்கப்பட வேண்டும். வண்ணம் தீட்டும் நேரத்தில் அவர்கள் தாயரோடு கூடலாம். இவ்வாறு வேலையின் வரிசையைச் சிந்தித்து அமைத்தால், கலையும் குறையாது, குழந்தையும் விலகாது.

தாய்க்கும் கடமை உண்டு. எல்லாரும் பார்த்துக்கொள்வர் என்று குழந்தையை மண்டபத்தில் அவிழ்த்துவிடுதல் முறையன்று. அழுகை நீண்டால் சற்று வெளியே எடுத்துச் செல்லுதல், ஆபத்து என்று ஆசிரியர் சொன்னால் மனம் கோணாது ஏற்றல், சிந்தியதைத் துடைத்தல் ஆகியவை பிறர் உரிமைக்கு அவள் செலுத்தும் மதிப்பு. உடன் பயில்வோரும், ஒரு நிமிட அழுகுரலைப் பொறுத்தல் தம் நாளைய தேவைக்கோ, தம் தாயார் நேற்றுப் பெற்ற உதவிக்கோ தரும் கைம்மாறு என்று எண்ணலாம்.

இங்ஙனம் ஒவ்வொருவரும் தம் பங்கை ஏற்கும்போது, குழந்தை எவருக்கும் தாங்க முடியாத சுமையாவதில்லை. ஒருவர் மீதே முழுவதும் ஏற்றும்போதுதான் அது சுமையாகிறது. அந்த ஒருவர் எப்போதும் தாயாகவே இருப்பதுதான் அநீதியாகிறது. பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் வேண்டும் என்று மேடைகளில் பேசுவது எளிது. அடுத்த பயிலரங்கைத் திட்டமிடும் ஆசிரியர்களும் சங்கத்தினரும் நாற்காலிகளை எண்ணும்போதே பாய்களையும் எண்ணட்டும். எத்தனை பேர் வந்தனர் என்று கணக்கெழுதும்போது, வர விரும்பியும் வர இயலாதவர் யார் என்பதையும் ஒருமுறை விசாரிக்கட்டும்.